அவள் கைக்குச் செதுக்கியது

வாசலில் பனியாக்கின் குரல் கேட்டதும் ஆலுக் தையல் பையை எடுத்துத் தன் தொடைக்கடியில் தள்ளி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

யோசித்துச் செய்த காரியமில்லை. வெளுக்கும் நேரத்தில் மனைவி நிகுவானாவின் மூச்சு நின்றதிலிருந்து அவருடைய கைகள் எதையாவது எடுத்து எங்காவது வைத்துக்கொண்டேதான் இருந்தன. கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கினார், மறுபடி ஏற்றினார். அவளுடைய கண்ணாடியை மடித்து டப்பாவில் வைத்தார். போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டு, பிறகு அது அவளுக்குப் பிடிக்காது என்று நெஞ்சுவரை இறக்கினார். இப்போது பைக்குள்ளிருந்த தோல் சுரண்டியின் தந்தப் பிடி தொடையில் குத்தியது. அசையாமல் இருந்தார்.

நிகுவானாவின் தங்கை பனியாக் இந்த வீட்டுக்குள் கடைசியாக வந்து மூன்று வருடம் ஆகிறது. நிலைப்படியில் நின்று காலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினாள். பக்கத்து வீட்டுக் கூசிக் அவளுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சியபடி வந்தாள். பனியாக் அழவில்லை. கட்டிலருகே போய், அக்காளின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

"எப்ப?"

"வெளுக்கிறப்ப. தண்ணி கேட்டா. கொண்டு வர்றதுக்குள்ள..."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே, எங்க யாருக்காவது," என்றாள் கூசிக்.



பனியாக் தன் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கொண்டுவந்திருந்த சுருளைத் தரையில் விரித்தாள். வெயிலிலும் குளிரிலும் காயவைத்து வெளுத்த சீல் தோல், அடிப்பாகத்துக்குத் தாடி சீல் என்கிற பெரிய கடல்நாயின் தடித்த தோல் ஒரு துண்டு. "முதல்ல குளிப்பாட்டிடுவோம். அப்புறம் அடக்கத்துக்கு பூட்ஸ் தைக்க உட்காரணும். என் சுரண்டி முனை மழுங்கிக் கிடக்கு. அக்காவோடது எங்க அத்தான்?"

"பெட்டில ரெண்டு ஜோடி புதுசாவே இருக்கு பனியாக். இப்ப எதுக்குப் புதுசா..."

"அதெல்லாம் வேணாம்," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "போற இடத்துலயாவது அவ கால் நனையாம இருக்கட்டும்."

கூசிக் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கரையில் அந்த வார்த்தைக்கு விளக்கம் தேவைப்படுகிற ஆள் யாரும் இல்லை.

நிகுவானாவின் விரல்கள் மடங்கத் தொடங்கியது ஆறு வருடங்களுக்கு முன்பு. முதலில் காலையில் மட்டும். வெந்நீரில் வைத்துப் பிடித்துவிட்டால் மதியத்துக்குள் விரிந்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் மதியமும் விரியவில்லை. நாலு திமிங்கிலப் படகுக்காரர்களுக்கு அவள்தான் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஊசியைத் தோலுக்குள் பாதி இறக்கிவிட்டு, மீதியைத் தள்ளமுடியாமல், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆலுக் வெளியிலிருந்து வந்து பார்த்தபோது அடுப்பு அணைந்து போயிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள். "சொன்னா பனியாக் வந்து என் வேலையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடுவா. நல்ல மனசோடதான் எடுத்துக்கிட்டுப் போவா. அதைத்தான் என்னால தாங்க முடியாது."

ஒரு மாதம்தானே, கை சரியாகும்வரை ஊசியை நான் இழுத்துவிடுகிறேன் என்று ஆலுக் சொன்னார். அந்த ஒரு மாதம்தான் ஐந்து வருடமாயிற்று.

அந்த ஊரில் யாரும் கதவைத் தட்டிவிட்டு வருகிற வழக்கம் இல்லை. அதனால் உடைந்த படகிலிருந்து ஒரு இரும்பைக் கழற்றிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். அது ஒரு வாரத்தில் ஊர்ச் செய்தியாகிவிட்டது. "பட்டப்பகல்ல கதவை அடைச்சுக்கிட்டு கிழவனுக்கு என்ன அவசரமாம்?" என்று கூசிக்கின் புருஷன் பனிவிளிம்பில் வைத்துக் கேட்டான். படகுக்காரர்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆலுக்கும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தப் பேச்சு அவருக்குக் கசக்கவில்லை. முப்பது வருடமாகப் படகின் முன்னால் நின்று ஈட்டி எறிகிறவன் வீட்டுக்குள் உட்கார்ந்து ஊசி பிடிக்கிறான் என்று தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

உள்ளே கட்டிலில் சாய்ந்தபடி அவள் வேலை வாங்குவாள். "முயல் மாதிரி தாவாதீங்க. கிட்டக் கிட்ட வைங்க. ஊசி தோலோட பாதி கனத்துக்குத்தான் போகணும். மறுபக்கம் எட்டிப் பாத்துச்சுன்னா தண்ணிக்கு நீங்களே வழி காட்டின மாதிரி." அவர் தைத்ததை அவள் புறங்கையால் தடவிப் பார்ப்பாள். விரல்கள் விரியாததால் புறங்கைதான். "பிரிங்க," என்பாள். அவர் முனகிக்கொண்டே பிரிப்பார்.

சுரண்டிதான் அவரைப் படுத்தியது. அதன் பிடி கல்யாணமான வருடம் வால்ரஸ் தந்தத்தில் அவரே செதுக்கியது. கொஞ்சம் மாவைப் பிசைந்து அவள் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அந்த அச்சைப் பார்த்துப் பார்த்துத்தான் பெருவிரலுக்கு ஒரு குழியும் மற்ற விரல்களுக்குப் பள்ளமும் எடுத்தார். அவள் கைக்கு அது உடம்போடு பிறந்தது போல இருந்தது. தோலை மடியில் போட்டு அவள் சுரண்டும்போது பிடி இருப்பதே தெரியாது. ஆலுக்கின் கைக்கு அது ஒரு தண்டனை. பெருவிரலின் அடியில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்தது. ஒருநாள் அரத்தை எடுத்தார். அவளைக் கேட்காமல் எப்படி என்று கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நல்லா ஆழமாவே எடுங்க," என்றாள் நிகுவானா. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் வருடத்து இலையுதிர்காலத்தில் பனியாக்கின் மகன் மசாக்குக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைத்தார்கள். கொடுக்கவேண்டிய கடைசி நாள். வலது பூட்ஸின் முனையை மூடுகிற மூக்குத் தையலில் இரண்டு மூன்று இடத்தில் ஊசி மறுபக்கம் போய்விட்டது. ஆலுக்குக்கு அது தெரியும். வெளியே வால்ரஸ் கூட்டம் வந்திருக்கிறது என்று கத்திக்கொண்டு ஆட்கள் ஓடுகிறார்கள். பிரித்துத் தைப்பதென்றால் பாதி நாள் போய்விடும். சீல் கொழுப்பில் கொஞ்சம் அடுப்புக்கரியைக் குழைத்துத் தையல் மேல் பூசினார். நிகுவானா புறங்கையால் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

மசாக் கடல்மேல் புதிதாக உறைந்த இளம்பனியில் ஒரு நாள் முழுக்க நடந்து வீடு வந்து சேர்ந்தபோது வலது கால் பூட்ஸுக்குள் பனிக்கட்டி இருந்தது. இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. நர்ஸ் அவற்றை எடுத்துவிட்டாள்.

பனியாக் அந்த பூட்ஸைக் கொண்டுவந்து அக்காள் முன்னால் தரையில் எறிந்தாள். பின்னால் வாசலில் படகுக்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். நிகுவானா பூட்ஸை மணிக்கட்டுகளால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்த மூக்குத் தையலை ரொம்ப நேரம் பார்த்தாள். கரி எல்லாம் கழுவிப் போய்த் துளைகள் தெளிவாகத் தெரிந்தன. தலையை நிமிர்த்தியபோது அவள் ஆலுக்கைப் பார்க்கவில்லை.

"கண்ணு மங்கிடுச்சு பனியாக். என் தப்புதான்."

"மங்கினவ எதுக்குத் தைக்கிறே? ஆம்பளைங்களைக் கொல்றதுக்கா?"

ஆலுக் அடுப்பருகே கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தால் போதும். வாசலில் நாலு பேர் இருந்தார்கள். கோப்பையை வாயருகே கொண்டுபோனார். சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்பது இன்றுவரை அவருக்கு நினைவில்லை. குடித்து முடித்தார் என்பது மட்டும் நினைவிருந்தது.

அவர்கள் போனபிறகு நிகுவானா, "கெட்டில்ல தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். அவள் திட்டப்போகிறாள் என்று அன்றைக்கு முழுக்கக் காத்திருந்தார். அடுத்த நாளும் காத்திருந்தார். மூன்று வருடத்தில் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பிறகு யாரும் அந்த வீட்டுக்குத் தோல் கொண்டுவரவில்லை. அவர்கள் இரண்டு பேருக்குமான பூட்ஸை மட்டும் ஆலுக் தைத்தார். தாழ்ப்பாள் போடக்கூட அவசியம் இல்லாமல் போயிற்று, ஏனென்றால் வருகிறவர்களே இல்லை.

"அத்தான், எழுந்திருங்க," என்றாள் பனியாக். "அது மேலதானே உட்கார்ந்திருக்கீங்க."

அவர் எழுந்தார். பையின் வாய் தொடைக்கடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பனியாக் அதை எடுத்து உள்ளிருந்தவற்றைத் தோலின் மேல் வரிசையாக வைத்தாள். பிறைக்கத்தி, ஊசிக்கூடு, மடிப்பு எடுக்கிற சின்னத் தந்தத் துண்டு, நரம்பு நூல் சுற்றிய அட்டை. கடைசியாகச் சுரண்டி. தோலின் ஒரு ஓரத்தை முழங்காலில் இழுத்துப் போட்டுக்கொண்டு சுரண்டியைப் பிடித்தவளின் கை அப்படியே நின்றது.

அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே அளவுக் கை. கல்யாணமான புதிதில், "எனக்கும் ஒண்ணு செதுக்கிக் குடுங்க அத்தான், இல்லன்னா இதைத் திருடிக்கிட்டுப் போயிடுவேன்," என்று சொல்லிச் சொல்லி இரவல் வாங்கிப் போனவள் அவள். இப்போது அவளுடைய பெருவிரல் அந்தக் குழிக்குள் விழுந்து, பக்கத்தைத் தொடமுடியாமல் கிடந்தது. ஒருதடவை கையை மாற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதை யாரு இப்படி அராவினது?"

கூசிக் திரும்பிப் பார்த்தாள். ஆலுக் அடுப்பைப் பார்த்தார்.

"அவ கை வீங்கிடுச்சு," என்றார். "பிடி பத்தலன்னா. அதான்."

சொல்லி முடித்த கையோடு அவருக்கு உடம்பு சுட்டது. ஆறடி தள்ளி அவள் கிடக்கிறாள். இன்னும் முழுசாகக்கூடச் சில்லிடவில்லை. கேட்கிற காது இல்லையென்று தெரிந்ததும் இன்னொரு தடவை பழியை அவள் மேலேயே தூக்கிப் போட்டாயிற்று.

பனியாக் சுரண்டியைக் கீழே வைத்தாள். "தண்ணி சுட்டிருச்சு. நீங்க அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க," என்றாள்.

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். துணியை நனைத்துப் பிழிகிற சத்தம் கேட்டது. கூசிக் மெல்ல ஒரு தோத்திரப் பாட்டை முணுமுணுத்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"கையைத் துடைக்கணும், விரலை விரிச்சுப் பிடி," என்றது பனியாக்கின் குரல்.

"விரிய மாட்டேங்குது."

"விறைச்சிருக்கும்."

"இல்ல பனியாக். முழங்கையெல்லாம் மடங்குது பாரு. விரல் மட்டுந்தான். இந்தக் கையும் அப்படியே. நகம் உள்ளங்கையில பதிஞ்சு தழும்பாகியிருக்கு. இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல."

"தள்ளு. நான் பாக்கிறேன்."

 துணி பிழிகிற சத்தம் நின்றது. ஆலுக்கின் முன்னால் சுவரில் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாளில் ஒரு விளம்பரக்காரி பற்பசையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்தார். அந்த உள்ளங்கை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தினமும் அதற்குள் துணியை நுழைத்துத் துடைத்துவிடுகிறவர் அவர்தான். வெளுத்து, மெத்தென்று, காய்ப்பு ஒன்றுகூட இல்லாமல் இருக்கும். ஐந்து வருடமாக எதையும் பிடிக்காத கை.

"கூசிக்," என்றாள் பனியாக் கடைசியில். "துணி ஆறிப்போச்சு. வேற குடு."

கழுவி முடித்து அவர் திரும்பியபோது பனியாக் அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள். பிறகு தோலை மடியில் இழுத்துக்கொண்டு, பொருந்தாத அந்தப் பிடியையே பிடித்துச் சுரண்ட ஆரம்பித்தாள்.

அவர் எழுந்து வெளியே போனார்.

குன்றின் மேல் ஆட்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண் இறுகிப் போயிருந்தது. மிதந்து வந்த கட்டைகளைக் கொளுத்தி, ஒரு சாண் இளகியதும் கோடாலியால் கொத்தி, மறுபடி கொளுத்தினார்கள். மசாக் குழிக்குள் நின்றிருந்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஊரிலேயே நன்றாக நாய்வண்டி ஓட்டுகிறவன். கோடாலியை ஓங்கும்போது எடையை இடது காலுக்கு மாற்றிக்கொண்டான். அது அவனுக்குப் பழகிவிட்டது. பார்க்கிறவர்களுக்கும் பழகிவிட்டது.

"நீங்க எதுக்கு வந்தீங்க பெரியப்பா? போய் உட்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்."

"மசாக்."

"சொல்லுங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் மேலே ஏறி வந்திருந்தார். புகை கண்ணில் பட்டது. குழியைச் சுற்றி நின்றிருந்தவர்கள் எல்லாரும் அவருடைய படகில் துடுப்புப் போடுகிறவர்கள். அவர் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

"கால் எப்படி இருக்கு?"

மசாக் சிரித்தான். "இருக்கிற எட்டும் நல்லா இருக்கு பெரியப்பா. போன ரெண்டும்தான் குளிரடிச்சா கூப்பிடுது."

மற்றவர்களும் சிரித்தார்கள். ஆலுக் ஒரு மண்வெட்டியை எடுத்து, வெட்டிப் போட்ட மண்ணை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். அதற்கு அவசியமே இல்லை. யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் மதியம் ஜெபத்துக்கு வீடு கொள்ளாமல் ஆள் வந்துவிட்டது. பெட்டிப் பலகைகளை அடித்துச் செய்த சவப்பெட்டி நடுவில் இரண்டு முக்காலிகளின் மேல் இருந்தது. நிகுவானாவுக்கு நல்ல உடுப்புப் போட்டிருந்தார்கள். ஒரு காலில் வெள்ளை பூட்ஸ். மற்றதை முடிப்பதற்காகப் பனியாக் பெட்டியின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

சபை மூப்பர் கினுகன் ஜெபம் பண்ணி முடித்ததும், "ரெண்டு வார்த்தை சொல்ல விரும்புறவங்க சொல்லலாம்," என்றார்.

கூசிக் எழுந்தாள். "நல்லா இருந்த காலத்துல நிகுவானா கை மாதிரி ஒரு கை இந்தக் கரையில கிடையாது. எங்க வீட்டுக்காரரு பத்து வருஷம் அவ தச்ச பூட்ஸ் போட்டுத்தான் பனிக்குப் போனாரு. கடைசில அவளுக்குத் தடுமாறிடுச்சு. அதை யாரும் மனசுல வெச்சுக்க வேணாம்."

"ஆமென்," என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

பிறகு மசாக் எழுந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பேசுகிறவன் அல்ல.

"பெரியம்மா மேல எனக்குக் கோவம் இருந்ததில்ல. கொஞ்சம் இருந்துச்சு, மொத வருஷம். அப்புறம் இல்ல. ஒருதடவை வந்து சொல்லியிருக்கணும். ரோட்டுல பாத்தா அவங்களே தலையைக் குனிஞ்சுக்குவாங்க, நானும் விட்டுட்டேன்." அவன் பெட்டியைப் பார்த்துச் சொன்னான். "உங்களை மன்னிச்சுட்டேன் பெரியம்மா."

வீடு முழுக்கப் பெண்கள் அழுதார்கள். கினுகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பனியாக்கின் ஊசி நின்றது, மறுபடி ஓடியது.

"மன்னிக்க வேணாம்," என்று யாரோ சொன்னார்கள். தான்தான் சொன்னோம் என்பது எழுந்து நின்றபிறகே ஆலுக்குக்குப் புரிந்தது. "அவளை மன்னிக்க வேணாம். அவ தைக்கல. நான் தச்சேன்."



கினுகன் வந்து அவர் தோளில் கையைப் போட்டார். "உட்காருங்க ஆலுக். உங்க மனசு எங்களுக்குத் தெரியும்."

"இல்ல மூப்பரே, நிஜமாவே நான்தான். அவளுக்குக் கை..."

"முப்பது வருஷம் ஈட்டி எறிஞ்ச கையாச்சே அது," என்றான் கூசிக்கின் புருஷன், கரகரத்த குரலில், அன்பாக. "அதுக்குள்ள ஊசி எங்கய்யா தங்கும்?" அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவில் மெல்லச் சிரித்தார்கள்.

"செத்தவ பழியைக்கூடத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கிறாரு பாரு," என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும்?"

கூசிக் ஓடிப்போய்த் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்து முத்தமும் கொடுத்தாள். ஆலுக் உட்கார்ந்தார்.  சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு என்று ஒரு எண்ணம் உள்ளே இறங்கியது. அது அவ்வளவு இதமாக இறங்கியதுதான் அவரை உலுக்கியது. நெஞ்சுக்குள் ஒரு மூலையில் அந்தப் புகழ்ச்சி இனித்தது. கோப்பையைத் தரையில் வைத்தார். 

"அத்தான்," என்றாள் பனியாக்.

தலை நிமிரவில்லை அவள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"அக்காவுக்குக் கை எப்ப மடங்கிச்சு?"

"அஞ்சு வருஷமாச்சு."

"நேத்து வீங்கிச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

  "வெட்கமா இருந்துச்சு," என்றார்.

பனியாக் எழுந்து வந்து, முடியாத பூட்ஸை அவர் மடியில் போட்டாள். அடித்தோலின் மூக்கு, மடிப்பெடுத்தபடி, பாதிவரைதான் தைத்திருந்தது. ஊசி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. சுரண்டியும் மடிப்புத் தந்தமும் இருந்த பையை அவர் காலடியில் வைத்தாள்.

"மீதியை நீங்க முடிங்க."

"பனியாக், இது என்னம்மா, ஜெப நேரத்துல," என்றார் கினுகன்.

"அவரு முடிக்கட்டும். அப்புறம் மூடலாம்."

ஆலுக் பூட்ஸைக் கையில் எடுத்தார். உடனே ஊசியைத் தொடவில்லை. ஒரு மடிப்பு சரியாக விழாமல் இருந்ததைப் பார்த்து, மடிப்புத் தந்தத்தை எடுத்து அதை அழுத்தி நேராக்கினார். நகத்தால் தேய்த்தார். விரல் உறையை மாட்டினார். நரம்பு நூலை உதட்டில் ஈரமாக்கி, தோலின் பாதி கனத்துக்கு ஊசியை இறக்கி, சாய்த்து, வெளியே எடுத்து, இழுத்தார். பக்கத்திலேயே அடுத்தது. அதற்குப் பக்கத்திலேயே அடுத்தது.

 நாலைந்து தையலுக்குள் பெண்களுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சாய்ப்பு நிகுவானாவுக்கே உரியது. வேறு யாரும் இந்த ஊரில் அப்படிச் சாய்ப்பதில்லை. அருகில் உட்கார்ந்திருந்த ஒருத்தி மெல்ல வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள், அடுப்பைப் பார்த்தார்கள். கூசிக்கின் புருஷன் கொஞ்சநேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாய்களுக்குத் தீனி போடணும் என்று முனகியபடி எழுந்து போனான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள்.

மசாக் போகவில்லை. கிட்டே வந்து குனிந்து அந்தத் தையலைப் பார்த்தான். பிறகு தன் வலது காலைப் பார்த்தான். ஆலுக் நிமிர்ந்தால் அவன் முகம் தெரியும். அவர் நிமிரவில்லை. அவன் நடந்து வாசல்வரை போய், நிலையில் சாய்ந்து வெளியே பார்த்தபடி நின்றுகொண்டான்.

முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கினுகன் பெட்டியின் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே காத்திருந்தார். கடைசி முடிச்சைப் போட்டு ஆலுக் பூட்ஸை நீட்டினார். பனியாக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணி கொண்டா," என்றாள் கூசிக்கிடம்.

"இதுக்கு எதுக்குடி தண்ணி? நடக்கவா போறா?"

"கொண்டான்னா கொண்டா."

கூசிக் ஒரு ஜாடித் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். பனியாக் ஆலுக்குக்கு முன்னால் மண்டியிட்டு, பூட்ஸின் வாயைத் தூக்கிப் பிடித்து, கணுக்கால்வரை ஊற்றினாள். தோல் கனத்துத் தொங்கியது. இரண்டு பேரும் அதன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல் உலர்ந்தே இருந்தது. உலர்ந்தே இருந்தது. பிறகு, அவர் வைத்த மூன்றாவது தையலருகே, ஊசிமுனையளவு ஒன்று பளபளத்தது. உருண்டது. பெரிதாயிற்று.



பனியாக் இன்னொரு கையைக் கொண்டுவந்து பூட்ஸின் மூக்கை அடியோடு சேர்த்துப் பொத்திப் பிடித்தாள், ஒரு குழந்தையின் பாதத்தைப் பிடிப்பது போல. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"ஒழுகுதாம்மா?" வாசலிலிருந்து மசாக் கேட்டான். திரும்பாமல்தான் கேட்டான்.

"இல்லடா," என்றாள் பனியாக்.

கையை அவள் எடுக்கவில்லை. விரலிடுக்கிலிருந்து ஈரம் கசிந்து, மணிக்கட்டில் மெல்ல இறங்கி, சட்டைக்கைக்குள் போயிற்று.